நிலவறை வாசலில்

தீரா தீவு
1984 ஆகஸ்ட் 29

அன்புள்ள கணவர் யாக்கோவோஸ் அவர்களுக்கு,

உங்கள் மருஸோ எழுதுவது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அதன் பிறகு நிதானமாகப் படியுங்கள். நான் உயிரோடு இருக்கிறேன். உங்கள் தம்பி ஜோர்சிஸ் உயிரோடு இருக்கிறார். ராணுவத்தில் இருக்கும் நம் மகன் நோமிகோஸிடமிருந்து போன வாரம்தான் கடிதம் வந்தது, அவனுக்கும் ஒரு குறையும் இல்லை. ஊரிலிருந்து யாராவது வேறு மாதிரி எழுதி, அது கப்பலில் உங்கள் கையில் முதலில் கிடைத்துவிடுமோ என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று பார்க்காதீர்கள். வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இந்த வருஷம் அறுவடை சுமார்தான். மழையே இல்லை. தரையோடு கூடை மாதிரி சுருட்டிவிட்ட திராட்சைக் கொடிகளுக்குள் பழம் சின்னச் சின்னதாகத்தான் காய்த்தது. ஆனால் இனிப்பு அதிகம் என்று ஜோர்சிஸுக்குச் சந்தோஷம். மாதா திருவிழாவுக்கு முன்பே பறித்து, மிதித்து, நிலவறைத் தொட்டிகளில் சாற்றை ஊற்றிவிட்டோம். அது அங்கே பொங்கிக்கொண்டிருந்தது. உங்களுக்குத் தெரியும், அந்த நாட்களில் எனக்கு அந்தப் படிகள் பக்கம் போகவே பிடிக்காது. ஜோர்சிஸ் காலையில் ஒரு மெழுகுவத்தியைக் கம்பியில் கட்டி உள்ளே இறக்குவார். அது அணைந்துவிட்டால் வாசலில் சங்கிலியை மாட்டி, "இன்னிக்கு யாரும் எறங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போவார். காற்று அடித்தால் பயமில்லை. கதவுக்கு மேலே இருக்கும் துவாரத்தின் வழியாகக் காற்று புகுந்து, சாறு பொங்கும்போது கிளம்பி உள்ளே தேங்கும் கெட்ட காற்றை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும்.

காற்றுதான் இல்லை. ஆகஸ்டில் வடக்குக் காற்று நின்றுபோய் நீங்கள் எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? கடல் எண்ணெய் ஊற்றியது மாதிரி கிடந்தது. நடுவே இருக்கும் எரிமலைத் தீவு தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தது. ஊரே அதைப் பார்த்து மகிழ்ந்தது. நான் மட்டும் நிலவறைக் கதவுக்கு மேலே இருக்கும் துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெழுகுவத்தி போன வெள்ளிக்கிழமையும் அணைந்தது, சனிக்கிழமையும் அணைந்தது.

அன்று மாலை ஒயின் சுவைக்க ஒரு கூட்டம் வந்திருந்தது. ஏதென்ஸ் வங்கிக்காரர்கள், அவர்களோடு பத்ராஸிலிருந்து ஒரு புதுமணத் தம்பதி. அவன் பெயர் ஆர்கிரிஸ், துணிக்கடை வைத்திருக்கிறான். நல்ல உயரம், வாய் ஓயாத சிரிப்பு. அவள் லெமோனியா, அவன் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் பெரிய குடையின் கீழ் மேஜைகளைப் போட்டு, தக்காளிப் பணியாரமும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் வைத்து முதல் கோப்பை ஊற்றினேன்.

ஆர்கிரிஸ் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னங்க இது, கல்ல நக்குன மாதிரி இருக்கு?" என்றான்.

"எரிமலை மண்ணுல வெளஞ்சது தம்பி. மல்லிகையா மணக்கும்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்து இனிப்பு ஒயின் வேண்டும் என்று கேட்டான். வெயிலில் உலர்த்திய பழத்தின் ஒயின் தீவிலேயே இங்கேதான் நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லி அனுப்பினார்களாம். அது உள்ளே பீப்பாயில் இருக்கிறது, சாறு பொங்கி அடங்கும் வரை இறங்க முடியாது, அதற்குப் பதிலாகப் போன வருஷத்துப் புட்டி ஒன்று தருகிறேன் என்றேன்.

"ஏன், உள்ள பேய் இருக்கா?"

"பேயா இருந்தா பரவாயில்ல. கண்ணுக்காவது தெரியும்" என்றேன்.

அதையும் அவன் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டான்.

சூரியன் இறங்கும் நேரம். எல்லாரும் எழுந்து மதில் ஓரமாகப் போய் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். நான் அடுப்படிக்குப் போய், என் ஓரகத்தி ஸாம்பேத்தா சுட்டு வைத்திருந்த பணியாரத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன். லெமோனியா மட்டும் மேஜையில் உட்கார்ந்து, வாயைக் கையால் மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "கோவிச்சுக்காதீங்க அக்கா. எனக்காக ஒரே ஒரு கோப்பை திருடிட்டு வர்றேன்னு உள்ள போயிருக்காரு" என்றாள்.

தட்டை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை.

சங்கிலி தரையில் கிடந்தது. வாசல் ஆணியில் மாட்டியிருக்கும் அரிக்கேன் விளக்கைக் காணோம். உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. கீழே தொட்டிகளில் சாறு பொங்குகிற சத்தம் மட்டும், பெரிய உலையில் சோறு கொதிக்கிற மாதிரி, நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. "ஆர்கிரிஸ்! ஆர்கிரிஸ்!" என்று கூப்பிட்டேன். படியில் குனிந்ததும் மூக்கு எரிந்தது, கண்ணில் நீர் வந்துவிட்டது. பின்வாங்கினேன்.

அந்தப் பெண் என் பின்னாலேயே வந்திருந்தாள். இன்னும் சிரிப்பு முகத்திலிருந்து போகவில்லை. "வெளிய வாங்க. போதும் வெளையாட்டு. இவங்க பயப்படுறாங்க பாருங்க" என்று இருட்டைப் பார்த்துச் சொன்னாள். பதில் வராததும் அவள் முகம் மாறியதை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். இடுப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்க! எம் புருஷன் உள்ள இருக்காரு!"

"தெரியும்மா. நீயும் போனா ரெண்டு பேரும் கெடப்பீங்க. காத்து கெட்டுப்போயிருக்கு. அவனத் தூக்கக்கூட உன்னால குனிய முடியாது."

அவளுக்கு எதுவும் காதில் விழவில்லை. நகத்தால் கீறினாள். என் கையைக் கடித்தாள், பல் எலும்பில் பட்டது. கட்டுப் போட்டிருப்பது அதற்குத்தான். நான் விடவில்லை. அதற்குள் வங்கிக்காரர்கள் ஓடி வந்து அவளை என் கையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அவர்களில் பருத்த ஒருவர் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, "நகருங்கம்மா, நான் போறேன். மனுஷன் சாகுறான், நீங்க என்ன வாசல மறிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்று என் தோளைப் பிடித்துத் தள்ளினார். அவர் எவ்வளவு நல்ல மனிதர் என்று அப்போதே தெரிந்தது. ஆனாலும் வாசல் நிலையில் முதுகைக் கொடுத்து, காலை எதிர் நிலையில் ஊன்றிக்கொண்டு, "என்னக் கொன்னுட்டுப் போங்க" என்று கத்தினேன். முற்றத்தில் நின்றவர்கள் என்னைக் கொலைகாரியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

உலர் பழக் களத்திலிருந்த தன் புருஷன் ஜோர்சிஸை ஸாம்பேத்தா கூவி அழைத்திருந்தாள். அவர் ஓடி வந்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. கோவேறு கழுதையின் கயிற்றை அவிழ்த்து எடுத்து வந்து, "அண்ணி, கட்டுங்க" என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"போகாதீங்க" என்றாள் ஸாம்பேத்தா. சத்தமே இல்லை அவள் குரலில். "யாரோ எவரோ. போகாதீங்க."

நான் கட்டினேன். நீங்கள் கற்றுக் கொடுத்த கப்பல் முடிச்சு. என் விரல்கள் தப்பே செய்யவில்லை.

"கயிறு தளந்தா உடனே இழுத்துருங்க அண்ணி. நான் கொரல் குடுப்பேன்னு காத்திருக்காதீங்க" என்றார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பருத்த வங்கிக்காரர் இப்போது எங்களோடு கயிற்றைப் பிடித்தார். இன்னொருவருக்கு என்ன தோன்றியதோ, முற்றத்துப் பெரிய குடையைப் பிடுங்கி வந்து, வாசலில் அதை விரித்தும் மடக்கியும் காற்றை உள்ளே தள்ள ஆரம்பித்தார். மற்றவர்கள் மேஜை விரிப்புகளை வீசினார்கள். எல்லாருக்கும் பின்னால் வானம் சிவந்து, படத்தில் வருவது மாதிரி இருந்தது.

முதல் தடவை ஜோர்சிஸ் வெறுங்கையோடு வந்தார். உதடு நீலம். வாசலில் விழுந்து, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். "இருக்கான். பீப்பாய் மேல சாஞ்சு கெடக்கான்" என்றார். இன்னொரு கயிற்றின் நுனியைக் கேட்டு வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கினார். ஸாம்பேத்தா தரையில் உட்கார்ந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையில் கயிறு ஓடியது, நின்றது. பிறகு பாரமே இல்லாமல் தொய்ந்தது.

இழுத்தோம். உங்கள் தம்பியை மூட்டை மாதிரி படிப்படியாக இழுத்தோம். தாடை கல்லில் மோதி மோதி மேலே வந்தது. வெளியே போட்டுப் புரட்டியதும் வாந்தி எடுத்தார். அந்தச் சத்தத்தைப் போல இனிமையான எதையும் நான் கேட்டதில்லை. அவர் இரண்டாவது கயிற்றை அவன் காலில் கட்டிவிட்டுத்தான் விழுந்திருக்கிறார். அதையும் இழுத்தோம். ஆர்கிரிஸ் வந்தான். சட்டைப் பையில் கோப்பை உடையாமல் இருந்தது.

மூச்சு இருந்தது, நினைவில்லை. ஊர் டாக்டர், சின்னப் பையன்தான், வந்து முடிந்ததைச் செய்தான். ஆர்கிரிஸைக் கடற்படை ஹெலிகாப்டரில் ஏதென்ஸுக்குக் கொண்டுபோனார்கள். லெமோனியா கூடவே போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இதை எழுதும்வரை அவன் கண் திறந்ததாகச் செய்தி இல்லை.

ஜோர்சிஸ் படுத்திருக்கிறார், பேசுகிறார், சாப்பிடுகிறார். தலைவலிதான் விடவில்லை. ஸாம்பேத்தா என்னோடு பேசுவதில்லை.

நேற்றிலிருந்து வடக்குக் காற்று மறுபடி அடிக்கிறது. ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்திருக்கிறேன். கதவு மோதுகிறது, விளக்கு அணைகிறது, புழுதி சாப்பாட்டில் விழுகிறது. இருந்தாலும் மூட மனமில்லை.

அந்தப் பையனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்துக்குக் காத்திருக்கிறேன். கடலோடிகளைக் காக்கும் புனித நிக்கோலா உங்கள் தலைமாட்டில் நிற்கட்டும்.

உங்கள்
மருஸோ



தீரா தீவு
1984 அக்டோபர் 21

அன்புள்ள கணவருக்கு,

யோகோஹாமாவில் நீங்கள் போட்ட கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தபால்காரர் கொடுத்த இடத்திலேயே, சாலையோரத்தில் நின்று படித்தேன். வீட்டுக்கு வந்து ஜோர்சிஸுக்காக இன்னொரு முறை படித்தேன். அதற்குப் பிறகு அதை எடுக்கவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. ஆர்கிரிஸ் கண் திறந்துவிட்டான். தரையில் விழாமல் பீப்பாயின் மேல் சாய்ந்ததால் தலை, கெட்ட காற்று அதிகம் தேங்கும் தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் இருந்தது, அதனால்தான் பிழைத்தான் என்று ஏதென்ஸ் டாக்டர்கள் சொன்னார்களாம். கைத்தடி வைத்து நடக்கிறான். பேச்சு குழறுகிறது. கடைக்கு வரும் பழைய வாடிக்கையாளர்களின் பெயர் நினைவுக்கு வருவதில்லை. டாக்டர்கள் நாளாக நாளாகச் சரியாகும் என்கிறார்கள், எவ்வளவு என்று சொல்லவில்லை.

இதெல்லாம் லெமோனியா வந்து சொன்னது. விடுதியில் விட்டுப்போன பெட்டிகளை எடுக்கத் தனியாக வந்தாள். நம் வீட்டுக்கும் வந்தாள். நான் பயந்துபோய்விட்டேன். காபி போட்டுக் கொடுத்தேன், குடிக்கவில்லை. நிலவறையைப் பார்க்க வேண்டும் என்றாள். ஜோர்சிஸ் அதற்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார். கம்பி வழியாக வெகு நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டிகள் அடங்கிவிட்டன, இப்போது சத்தமில்லை. பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பி, அவள் பல் பட்ட தழும்பைப் பார்த்தாள்.

"நீங்க செஞ்சது சரின்னு எல்லாரும் சொல்றாங்க. டாக்டருங்களும் சொன்னாங்க. நீங்க புடிக்கலன்னா நானும் செத்திருப்பேன், அவரும் செத்திருப்பாரு" என்றாள். அதன் பின் நேராக என் முகத்தைப் பார்த்து, "ஆனா அவரு மட்டும் செத்திருந்தா, உங்கள நான் சாகுற வரைக்கும் மன்னிச்சிருக்க மாட்டேன் அக்கா" என்றாள்.

"மன்னிக்க வேணாம்மா" என்றேன்.

போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஜோர்சிஸின் கையை முத்தமிட்டாள். அவர் கூச்சப்பட்டுக் களத்துக்குப் போய்விட்டார்.

ஜோர்சிஸுக்கு உடம்பு தேறிவிட்டது. ஆனால் சில நேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே நின்று, எதையோ உற்றுக் கேட்பது போல நிற்கிறார். நிலவறை வேலைக்கு ஆள் வைத்திருக்கிறார். ஒயின் சுவைக்க வருகிறவர்கள் குறையவில்லை, கூடியிருக்கிறார்கள். விஷயம் பரவிவிட்டதால், கோப்பையைக் கையில் வாங்குவதற்கு முன்பே "அந்தக் குகை எது?" என்று கேட்கிறார்கள். நான் ஊற்றிக்கொண்டே நாற்காலிகளை எண்ணுகிறேன். யாராவது எழுந்தால் கண்ணாலேயே பின்தொடர்கிறேன். கழிப்பறைக்குப் போன ஒரு முதியவரைத் தேடிப் போய்க் கதவைத் தட்டிவிட்டேன். "என்னம்மா, இங்கயும் டிக்கெட்டா?" என்று உள்ளிருந்து கேட்டார். முற்றமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழைநீர்த் தொட்டியில் வாளி இறக்கும்போதும் குனியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறக்குகிறேன். இது போய்விடும் என்று டாக்டர் பையன் சொல்கிறான்.

ஸாம்பேத்தா விஷயத்தையும் மறைக்க விரும்பவில்லை. பல வாரங்கள் ஒரே அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தோம். போன வாரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அவளாகவே பேசினாள்.

"அக்கா, ஒன்னு கேக்குறேன். அன்னிக்கு அந்தப் பொண்ண விடல. வங்கிக்காரர விடல. ஆம்பளைங்க அத்தன பேர வாசல்லயே நிறுத்துன. எம் புருஷன மட்டும் எப்படி எறக்குன?"

"அவருக்கு அந்த எடம் தெரியும். மூச்சப் புடிக்கத் தெரியும். கயிறு இருந்துச்சு" என்றேன்.

"உம் புருஷன் அன்னிக்கு இங்க இருந்திருந்தா? அவருக்கும்தான் அந்த எடம் தெரியும். அவரு இடுப்புல கட்டியிருப்பியா?"

உரித்து முடித்த வெங்காயத்தையே மறுபடி உரித்தேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு கத்தியை வைத்துவிட்டு, "சரி விடு. நானும் கட்டியிருக்க மாட்டேன்" என்று சொல்லி, மிச்ச வெங்காயத்தை என் பக்கம் தள்ளினாள். அன்றிலிருந்து பேசுகிறோம். ஆனால் அவள் கேட்டது என்னை விட்டுப் போகவில்லை. என் மனசாட்சிக்கு எதிரில் நிற்பது போலத்தான் அவள் எதிரில் நிற்கிறேன்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன்.

நான் தைரியசாலி என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். ஜோர்சிஸைப் பார்த்துப் பெருமைப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள், அதை அவரிடம் படித்துக் காட்டினேன். அதற்குக் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. "நான் அங்கே இருந்திருந்தால் கயிறும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஒரே பாய்ச்சலில் இறங்கி அவனைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன்" என்று.

சாலையோரத்தில் அதைப் படித்ததும் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். நீங்கள் விளையாட்டாக எழுதவில்லை. எனக்கு உங்களைத் தெரியும். பாய்ந்திருப்பீர்கள்.

முன்பெல்லாம் நீங்கள் கப்பலில் எண்ணெய்த் தொட்டிகளைப் பற்றிச் சொல்லும்போது ஏதோ வேலை என்று கேட்டுக்கொண்டிருப்பேன். சரக்கு இறங்கிய பிறகு காலித் தொட்டிக்குள் ஏணியில் இறங்கிச் சுத்தம் பார்ப்பது, அடியில் இருட்டாக இருப்பது, மேலே மூடியருகே ஒருவர் விளக்கோடு நிற்பது, எல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். போன வருஷம் வேறொரு கப்பலில் ஒருவன் உள்ளே விழ, அவனைத் தூக்க இறங்கியவனும் விழ, அவனுக்குப் பின்னால் இறங்கியவனும் விழுந்தான் என்று நீங்களே ஒரு தடவை சொன்னீர்கள். நான் அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தேன். "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு மடிப்பதைத் தொடர்ந்தேன். இப்போது அந்தத் தொட்டி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். படியில் குனிந்தபோது மூக்கில் ஏறிய எரிச்சல் தெரியும். பாரமில்லாத கயிறு கையில் எப்படி இருக்கும் என்று தெரியும். அங்கே பாதுகாப்புக்குக் கருவி இருக்கிறது, அளந்து பார்த்துத்தான் இறங்குகிறோம் என்று நீங்கள் சொல்வீர்கள். இங்கேயும் மெழுகுவத்தி இருந்தது, சங்கிலி இருந்தது.

அதனால் ஒன்று கேட்கிறேன். இதுவரை உங்களிடம் இப்படி எதுவும் கேட்டதில்லை.

உங்கள் கண் முன்னால் ஒருவன் உள்ளே விழுந்தால், உங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டவனாக இருந்தாலும், நில்லுங்கள். மேலேயே நில்லுங்கள். ஆளைக் கூப்பிடுங்கள், காற்றை உள்ளே விடச் சொல்லுங்கள், முகமூடி வரட்டும், கயிறு வரட்டும். அது வரும் வரை மற்றவர்களையும் இறங்க விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அவர்கள் உங்களைக் கோழை என்பார்கள். கடிப்பார்கள். செத்தவனின் மனைவி ஒருநாள் உங்கள் எதிரில் வந்து நின்று மன்னிக்க மாட்டேன் என்று சொல்லலாம். அது எப்படி இருக்கும் என்றும் எனக்குத் தெரியும். அதைத் தாங்கிக்கொள்ள முடிகிறது. நான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன் பாருங்கள்.

நீங்கள் நல்லவர். ஊரில் கேட்டால் எல்லாரும் சொல்வார்கள். அதை நம்பித்தான் உங்களைக் கட்டிக்கொண்டேன், அதனால்தான் இப்போது பயப்படுகிறேன். அந்த ஒரு நிமிஷம் மட்டும் நல்லவராக இருக்காதீர்கள். அதற்கப்புறம் கோழை என்று பெயரெடுத்து வந்தாலும் வாருங்கள். நான் யாரிடமும் எதுவும் சொல்லமாட்டேன்.

மாதா உங்களைக் காக்கட்டும்.

கதவைத் திறந்து வைத்திருக்கும்
உங்கள் மருஸோ